வேறு எந்த இசையைப் போடலாம்? ஒரு ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். வகுப்பில் இசையைப் போட்டு, அதைக் கேட்டுப் பிள்ளைகளை எழுதவைப்பது பற்றி முன்பு சொல்லியிருந்தேன். அதையொட்டி இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஒரு ஆசிரியை அனுப்பியிருக்கிறார்: "நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நல்ல இசையாகப் பார்த்து வகுப்பில் போட்டேன். முடிந்ததும் மனதில் தோன்றியதை எழுதுங்கள் என்றேன். முக்கால்வாசிப் பேர் 'இசை இனிமையாக இருந்தது, எனக்குப் பிடித்தது' என்று இரண்டு வரியோடு நிறுத்திவிட்டார்கள். வேறு எந்த இசையைப் போடலாம்?"

முதலில், அந்தப் பிள்ளைகள் மேல் குறையே இல்லை. தோன்றியதை எழுதச் சொன்னீர்கள், பிடித்திருந்தது என்று தோன்றியது, எழுதிவிட்டார்கள். ஏழு வயதில் வர்ணனை தானாகக் கொட்டாது, பக்கத்தில் இருப்பவர் அடுத்த கேள்வியைக் கேட்டால் வரும்.

சரி, இசையைக் கேட்டீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் ஒரு நாடகத்துக்காக 1875-ல் எழுதிய 'மலை அரசனின் மண்டபத்தில்'. இரண்டரை நிமிடம்தான். செல்லோ, டபுள் பாஸ் என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியங்களின் தந்திகளை விரலால் சுண்டி, கூடவே பஸூன் என்ற ஊதும் வாத்தியமும் சேர்ந்து, அடிக்குரலில் மெதுவாகத் தொடங்கும். அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம், கொஞ்சம் சத்தம் என்று ஏறிக்கொண்டே போய் கடைசியில் ஒரே ஆர்ப்பாட்டமாக முடியும். ஒரு கதைக்கு வேண்டிய ஏற்றம் அதிலேயே இருக்கிறது. ஆனால் முழுவதையும் போடாதீர்கள். அரை நிமிடம் ஓடட்டும், நிறுத்துங்கள். "யாரோ வருகிறார்கள், யார்?" என்று கேளுங்கள். நான் போட்ட ஒரு வகுப்பில் "திருடன்" என்றான் ஒரு பையன். எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். மெதுவாக நடக்கிறான் என்றான். "காலில் செருப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் "இன்னொரு தடவை போடுங்கள்" என்று பிடித்துக்கொண்டது.

இந்த இரண்டாம் முறை கேட்பதுதான் முக்கியம், ஏனென்றால் இப்போது தேடிக் கேட்கிறார்கள். செருப்பு இல்லை, வெறுங்கால் என்று ஒரு கட்சி. இல்லை, கால் விரல் நுனியில் நடக்கிறான் என்று இன்னொரு கட்சி. ஒரு சிறுமி "தரை ஜில்லென்று இருக்கும்" என்றாள். ஜில்லென்பது அந்த இசையில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை, அவள் கொண்டுவந்தது. அப்படிக் கிடைக்கும் சொற்களை அவர்கள் சொன்ன மாதிரியே பலகையில் எழுதிப்போடுங்கள். 'அழகான, பெரிய, இருண்ட' என்று முன்கூட்டியே ஒரு சொல் பட்டியல் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கொடுத்தால் எல்லாத் தாளிலும் அதே மூன்று சொற்கள்தான் இருக்கும்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். தலைப்பைச் சொல்லாதீர்கள். மலை அரசன் என்று உங்களுக்குத்தான் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னால் ஆளுக்கொரு அரசன் கிரீடத்தோடு வந்து நிற்பார், திருடனும் இல்லை, ஜில்லென்ற தரையும் இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் ஆமைக்கு ஒரு பகுதி உண்டு. ஆஃபன்பாக் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் பரபரப்பான ஆட்ட இசையை எடுத்து, அதே மெட்டை இழுத்து இழுத்து வாசிக்க வைத்திருப்பார். தலைப்பு சொல்லாமல் அதைப் போட்டபோது ஒரு பிள்ளைக்குக் கேட்டது ஆமையே இல்லை: நாலு பேர் ஒரு பெரிய அலமாரியை மாடிப்படியில் ஏற்றுகிறார்கள், ஒருவருக்குக் கை வழுக்குகிறது. இதை எந்தத் தலைப்பும் தந்திருக்காது. ஆமை என்று சொல்லியிருந்தால் இந்த அலமாரி அன்றைக்கு வந்தே இருக்காது.

அந்த ஆமையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு வேலை இருக்கிறது, செய்து பாருங்கள். போனில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதல்லவா? ஒரே இசையைச் சாதாரண வேகத்தில் போட்டு, அப்புறம் பாதி வேகத்தில் போடுங்கள். அதே ஆள்தான் நடக்கிறான், இப்போது அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். களைத்துவிட்டான், சேற்றில் இறங்கிவிட்டான், எதையோ சுமக்கிறான் என்று வரிசையாக வரும்.

பாட்டு வேண்டாம், வெறும் வாத்திய இசை போதும். வரிகள் இருந்தால் அந்த வரிகளையே எழுதிவிடுவார்கள். திரையும் வேண்டாம். படம் ஓடினால் அதைப் பார்த்து எழுதுவார்கள், காதுக்கு வேலையே இருக்காது. சத்தம் ஏறினால் மிரளும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். எதுவுமே தோன்றவில்லை என்கிற பிள்ளையை எழுத வற்புறுத்தாதீர்கள், எழுந்து அந்த இசைக்கு நடந்து காட்டச் சொல்லுங்கள். நடந்து முடித்தபின் "ஏன் குனிந்தாய்?" என்று கேட்டால் பதில் இருக்கும்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, நிறுத்தியதும் என்ன கேட்பது என்பதைத்தான். என்னிடம் இருப்பவை சின்னக் கேள்விகள்தான். எதை வைத்துச் சொல்கிறாய்? தரை எப்படி இருக்கிறது? அவன் மூக்குக்கு என்ன மணக்கிறது? திரும்பிப் பார்த்தானா? நல்ல இசை கைவசம் இருந்தும் இவற்றைக் கேட்காவிட்டால் உங்களுக்கு வந்த அதே இரண்டு வரிதான் வரும்.

எழுத்துப்பிழையை அன்றைக்குத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும் இசையைத் தாழ்வாக ஓடவிட்டு, அதன்மேல் அவரவர் கதையை வாசிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்குக் கதை முதலில் முடிந்துவிடும், இசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அவர்களே "இன்னும் நாலு வரி எழுதட்டுமா?" என்று வந்து கேட்பார்கள். அதற்கும் சேர்த்துப் பாடவேளையில் நேரம் ஒதுக்கி வையுங்கள்.