போன மாதம் நீங்கள் சொன்னீர்களே, மேடம்

நேயர்களுக்கு வணக்கம். மயிலாப்பூரில் 25 வருடத்துக்கு மேலாக ஆடிட்டர் ஆபீஸ் நடத்தி வருகிறேன். இன்டர்ன்ஷிப்புக்கும், சி.ஏ. படிக்கிறவர்கள் ஆடிட்டரிடம் இருந்து பழகவேண்டிய பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்புக்கும் இடம் தேடி அலைகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாயிற்று, அடுத்து என்ன? இந்த ஒரு கேள்விதான் இன்றைக்கு.

கல்லூரியில் கருத்தரங்கு முடிந்து மேடையை விட்டு இறங்கினால் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். கார்டு வாங்கிக்கொள்வார்கள். அன்று இரவே வாட்ஸ்அப்பில் வணக்கமும் ரெஸ்யூமும் வரும். அப்புறம் ஒரு மாதம் பேச்சு மூச்சு இருக்காது. பிறகு திடீரென்று, "மேடம், ஏதாவது அப்டேட் உண்டா?" என்று ஒரு வரி. அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதியது யார், எங்கே பார்த்தோம், ஒன்றுமே நினைவுக்கு வராது. நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் நான் பிடித்துக்கொள்ள அந்த வரியில் ஒன்றும் இல்லையே.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வியாசர்பாடிப் பெண். மாலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் ஆடிட்டர், பேங்க் ஆபீசர் என்று ஒருவரும் கிடையாது. அவளோடு நான் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். "ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடும்மா. முன்னால் இருக்கிற வண்ணப் படங்களைத் தள்ளிவிடு. பின்னால் கணக்குக் குறிப்புகள் வரும். அதில் வரவேண்டிய பாக்கியை மட்டும் பார்" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல். ஏழெட்டு வரிதான். "போன மாதம் நீங்கள் சொன்னீர்களே மேடம், அந்தக் குறிப்பைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கி கூடியிருக்கிறது. ஆனால் வராக்கடனுக்கு ஒதுக்கிய தொகை கூடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை." அவ்வளவுதான். வேலை என்ற சொல்லே அதில் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி நோட்டு வைத்திருப்பார். போன வாரப் பாக்கி வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருடப் பாக்கி? அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதே முகம் மாறும். கம்பெனிகளும் பாக்கியை இப்படி வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அப்படியே மூன்று வருடத்துக்கு மேல் வரை. பழைய பாக்கி கூடினால், அது வராமலே போகலாம் என்று லாபத்திலிருந்து ஒதுக்குகிற தொகையும் கூடுவதுதான் வழக்கம். ஆடிட்டர் முதலில் விரல் வைக்கிற இடம் அது. அந்தப் பெண்ணும் அங்கேதான் விரல் வைத்திருந்தாள். அன்று இரவே அரைப் பக்கம் பதில் எழுதினேன். வழக்கு நடந்துகொண்டிருக்கலாம், கைவசம் ஈடு இருக்கலாம், அல்லது உண்மையாகவே குறைத்து ஒதுக்கியிருக்கலாம் என்று.

அடுத்த கடிதம் நவம்பர் முதல் வாரம்தான் வந்தது. "செப்டம்பர், அக்டோபர் முடியட்டும் என்று காத்திருந்தேன் மேடம்" என்று ஆரம்பித்திருந்தாள். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு, அக்டோபர் 31 தணிக்கைக்கு உட்பட்டவர்களின் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கெடு. அந்த நாட்களில் எங்கள் ஆபீசில் இரவு பதினோரு மணிக்கும் விளக்கு எரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்தில்தான் முதல்முறையாக, டிசம்பரில் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்குமா என்று கேட்டாள்.

நேரில் வந்தபோது பர்சிலிருந்து என் கார்டை எடுத்தாள். பின்பக்கம் நீல பால்பாயின்ட் பேனாவில் பொடி எழுத்து. நாங்கள் பார்த்த தேதி, அதன் கீழே "ஆண்டறிக்கை, பின்பக்கம், பாக்கி". அன்று மண்டபத்து வாசலிலேயே நின்று எழுதிக்கொண்டாளாம்.

சொன்னதைச் செய்து பார்த்து, செய்ததை வந்து சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், செய்ததை வந்து சொல்லுங்கள். ஆர்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருடம், 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடம். இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர் ஒரு வேலையை எடுத்தால் முடிப்பாரா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ரெஸ்யூமில் அது தெரிவதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. "நமக்கு யாரையும் தெரியாதே, சிபாரிசுக்கு எங்கே போவது" என்கிறீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு 17 பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கூட அந்தக் கணக்கில் வருவார். அவரிடம் பிள்ளையே பேசட்டும். பிள்ளைக்காக நீங்கள் போன் செய்ய வேண்டாம்.

எப்போது எழுதுவது என்றும் கேட்பார்கள். மாதம் 20-ஆம் தேதியை ஒட்டி ஜி.எஸ்.டி. நெருக்கடி இருக்கும். பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகள் மார்ச் 31-லிருந்து 60 நாளில் ஆண்டு முடிவை வெளியிட்டாக வேண்டும், அதனால் மே மாதம் அவர்களுடைய நிதிப் பிரிவில் யாரையும் பிடிக்க முடியாது. ஜூனில் எழுதுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் வைத்திருந்தேன். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அதையும் பழைய கடிதத்தின் கீழேயே எழுதுங்கள். அப்புறம், இடம் கிடைத்துவிட்டால் உங்களுக்கு வழி சொன்ன ஒவ்வொருவருக்கும், இடம் தர முடியாமல் போனவருக்கும், எங்கே சேர்ந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாங்கள் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நன்றி, வணக்கம்.