கோப்பையை ரெஃப்ரி தூக்கிக் குடுக்கல, நடுவர் அவர்களே!

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், பின்வரிசையில இன்னிக்கும் பத்தாம் நம்பர் ஜெர்சியோட வந்து உட்கார்ந்திருக்கற தம்பிங்களுக்கும் வணக்கம். 2022 கால்பந்து உலகக்கோப்பை ஃபைனல்ல பிரான்ஸை அர்ஜென்டினா ஜெயிச்சது ஆட்டத்தாலயா, ரெஃப்ரியாலயாங்கறதுதான் தலைப்பு, நான் ஆட்டத்தாலதான்னு பேச வந்திருக்கேன். ஒரு உண்மைய முதல்லயே சொல்லிடறேன், நான் பிரேசில் ஃபேன். அர்ஜென்டினாவுக்காக ஒரு பிரேசில் ஃபேன் மைக் புடிக்கறதுன்னா மாமியாருக்கு மருமக சாட்சி சொல்ல வந்த மாதிரி, அதனால என் சாட்சிய நீங்க தாராளமா நம்பலாம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி அடுக்கடுக்கா மூணு புகார் வெச்சாரு. அர்ஜென்டினா டி மரியாவுக்கு குடுத்த பெனால்ட்டி தப்பு, எக்ஸ்ட்ரா டைம்ல அவங்க கேப்டன் மெஸ்ஸி போட்ட கோல் செல்லாது, பிரான்ஸ் கவுன்டர் அட்டாக்கை நடுவுல விசிலடிச்சு நிறுத்திட்டாங்க, ஆக ரெஃப்ரி ஷைமன் மார்ச்சினியாக்தான் கோப்பைய தூக்கிக் குடுத்தாருன்னு முடிச்சாரு. கைத்தட்டலும் வாங்கிட்டாரு, நானும் தட்டினேன், சும்மா சொல்லக்கூடாது நல்லாத்தான் பேசினாரு. ஆனா அதே மேட்ச்ல பிரான்ஸுக்கு எத்தன பெனால்ட்டி கிடைச்சதுன்னு தம்பி வாயே திறக்கல பாத்தீங்களா? ரெண்டு சார், ரெண்டு! அர்ஜென்டினாவுக்கு ஒண்ணு.

சரி, டி மரியா. லெஃப்ட் விங்ல பிரான்ஸ் டெம்பெலேவ ஏமாத்தி பாக்ஸுக்குள்ள வெட்டிட்டு போறாரு, டெம்பெலே பின்னாடி ஓடி வர்றாரு, காலு லேசா பட்டுச்சு, டி மரியா விழுந்துட்டாரு. லேசான டச்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வி.ஏ.ஆர்., அதாவது வீடியோவ பாத்து ரெஃப்ரிக்கு உதவற ரூம்ல உட்கார்ந்திருக்கறவங்க வேல என்னன்னு கொஞ்சம் யோசிங்க, "நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்"னு தோணினா மாத்தறது இல்ல, பச்சையா தெரியற தப்புன்னா மட்டும்தான் ரெஃப்ரிய கூப்பிட முடியும். இங்க கால் பட்டது நிஜம், அதனால மாத்தல. 23ஆவது நிமிஷம் மெஸ்ஸி அடிச்சாரு, 1-0.

இதுக்கப்புறம்தான் தம்பி வேகமா ஃபார்வர்ட் பண்ணி ஓட்டிட்டாரு. 36ஆவது நிமிஷம் விழுந்த ரெண்டாவது கோல் என்ன விசிலா அடிச்சுது? மெஸ்ஸி ஒரு ஃப்ளிக், ஆல்வாரெஸ் ஒரு பாஸ், மக் அலிஸ்டர் ஓடிப் போய் குறுக்க தள்ள டி மரியா முடிச்சாரு, ரெஃப்ரி பாவம் பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஓடி வந்துட்டிருந்தாரு. முதல் பாதி முழுக்க பிரான்ஸ் ஒரே ஒரு ஷாட்கூட அடிக்கல சார். நடப்பு சாம்பியன், உலகக்கோப்பை ஃபைனல், 45 நிமிஷம், ஷாட் பூஜ்யம்! அவங்க கோச் டெஷாம்ப்ஸ் ஹாஃப் டைம் வரைக்கும் கூட பொறுக்காம 41ஆவது நிமிஷத்துலயே ஜிரூவையும் டெம்பெலேவையும் வெளிய கூப்பிட்டுட்டாரு, அவருக்கே தெரிஞ்சிருக்கு கோளாறு எங்கன்னு. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்னு இந்த இடத்துல ஒரு பழமொழிய எடுத்து வீசுவேன்னு எதிரணி எதிர்பார்த்திருப்பாங்க. வீசமாட்டேன், ஏன்னா பிரான்ஸுக்கு நல்லா ஆடத் தெரியும், அன்னிக்கு 80 நிமிஷம் ஆடல, அவ்வளவுதான்.

80ஆவது நிமிஷம் என்ன ஆச்சு? அர்ஜென்டினா ஒட்டமெண்டி பிரான்ஸ் கோலோ முவானிய புடிச்சு இழுத்தாரு, மார்ச்சினியாக் யோசிக்கவே இல்ல, நேரா பெனால்ட்டி ஸ்பாட்டை காமிச்சாரு. பிரான்ஸுக்கு எம்பாப்பே போட்டாரு, அடுத்த நிமிஷமே பந்து தரைய தொடறதுக்குள்ள வாலி அடிச்சு இன்னொண்ணு, 2-2. அப்புறம் எக்ஸ்ட்ரா டைம்ல மெஸ்ஸி கோலால அர்ஜென்டினா 3-2, 118ஆவது நிமிஷம் எம்பாப்பே அடிச்ச பந்து அர்ஜென்டினா மான்டியேல் முழங்கையில பட்டுச்சு, மறுபடியும் பெனால்ட்டி, 3-3. இப்ப நான் எதிரணிய ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அர்ஜென்டினாவுக்கு கோப்பைய தூக்கிக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு வந்த ரெஃப்ரி, மேட்ச் முடிய ரெண்டே நிமிஷம், அர்ஜென்டினா 3-2 லீடு, இந்த நேரத்துலயா பிரான்ஸுக்கு பெனால்ட்டி குடுப்பாரு? என்னய்யா திருட்டு இது, திருடிட்டு வாசல்லயே வெச்சிட்டு போற திருட்டு!

அடுத்தது அந்த மெஸ்ஸி கோல், 108ஆவது நிமிஷம். எதிரணியோட பெரிய பீரங்கி இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசுவோம். அர்ஜென்டினா லவுட்டாரோ கிட்டக்க இருந்து ஓங்கி அடிக்கறாரு, பிரான்ஸ் கீப்பர் யோரிஸ் தடுக்கறாரு, பந்து தெறிச்சு மெஸ்ஸிகிட்ட வருது, அவரு வலது கால்ல உள்ள தள்ளறாரு, பிரான்ஸ் டிஃபெண்டர் கூண்டே கோலுக்குள்ள நின்னு வெளிய உதைச்சு விடறாரு. ஆனா பந்து கோட்டைத் தாண்டியாச்சு, கோல்-லைன் டெக்னாலஜி காமிச்சிருச்சு, லவுட்டாரோ ஆஃப்சைடான்னும் பாத்தாச்சு, இல்ல. எல்லாம் முடிஞ்சு மறுநாள் பிரான்ஸ் பத்திரிகை லெக்கிப் ரூல் புக்கை எடுத்துட்டு வருது, பந்து கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே அர்ஜென்டினா சப்ஸ்டிட்யூட் ரெண்டு பேர் துள்ளிக் குதிச்சு மைதானத்துக்குள்ள கால் வெச்சுட்டாங்க, அதனால கோல் செல்லாதுன்னு.

அந்த ரூல் நிஜமாவே இருந்துச்சு, நான் மறைக்க வரல. ரூல் புக்ல மூணாவது சட்டம், கோல் போட்ட டீமோட சப்ஸ்டிட்யூட் உள்ள இருந்து, ஆட்டம் திரும்ப தொடங்கறதுக்குள்ள ரெஃப்ரி அத கவனிச்சா கோலை கேன்சல் பண்ணணும். எழுத்தைப் பாத்தா எதிரணிக்கு ஒரு பாயின்ட்தான். ஆனா அந்த ரெண்டு பேரும் எங்க நின்னாங்க? டச் லைன் ஓரமா. பந்தைத் தொட்டாங்களா, யாரையாவது மறிச்சாங்களா, யோரிஸ் கண்ணையாவது மறைச்சாங்களா? எதுவும் இல்ல. பிரான்ஸ் பத்திரிகையாளர்கள் இதக் கிளப்பினப்போ மார்ச்சினியாக் பிரஸ் மீட்ல பாக்கெட்ல இருந்து ஃபோனை எடுத்து ஒரு ஃபோட்டோவ காமிச்சாரு. எம்பாப்பே கோல் போடற நேரம், பிரான்ஸ் பெஞ்ச்ல இருந்து ஏழு பேர் உள்ள நிக்கறாங்க! ஏழு பேரு சார்! அந்த ரூலை எழுத்துக்கு எழுத்து பாத்தா எம்பாப்பே கோலும் அவுட்டு, மெஸ்ஸி கோலும் அவுட்டு. அப்புறம் 2023 மார்ச்ல ரூல் போடற ஐ.எஃப்.ஏ.பி. கூடி என்ன சொன்னாங்கன்னா, இப்படி உள்ள வந்த ஆளு ஆட்டத்தை பாதிச்சாத்தான் நடவடிக்கைன்னு தெளிவுபடுத்திட்டாங்க. மார்ச்சினியாக் அன்னிக்கு ஃபைனல் நடந்த லுசைல் ஸ்டேடியத்துல பண்ணது அதத்தான்.

எதிரணி அக்கா ஒருத்தர் பெட்டிஷன் பத்தி சொன்னாங்க, மேட்சை திரும்ப ஆடணும்னு பிரான்ஸ்ல ரெண்டு லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்கன்னு. போட்டாங்கக்கா, அழாதீங்கடான்னு அர்ஜென்டினாவுல இருந்து பதிலுக்கு ஒரு பெட்டிஷனும் கிளம்பிச்சு, அதுலயும் ஆயிரக்கணக்குல கையெழுத்து. கையெழுத்துல கோல் விழும்னா எங்க பிரேசில் வருஷா வருஷம் கோப்பை வாங்கியிருக்கும்.

மூணாவது புகார், அந்த கவுன்டர் அட்டாக். அர்ஜென்டினா அக்யூனா ஃபவுல் பண்ணாரு, அட்வான்டேஜ் குடுக்காம, அதாவது பிரான்ஸை தொடர்ந்து ஆட விடாம, ரெஃப்ரி விசில் அடிச்சுட்டாரு, ஆமா அது தப்பு, மார்ச்சினியாக்கே பின்னாடி பேட்டியில இத சொல்லிட்டாரு. ஆனா ஒரு மிஸ்ஸான அட்வான்டேஜும் ஒரு கோலும் ஒண்ணாகுமா? அந்த அட்டாக்ல கட்டாயம் கோல் விழுந்திருக்கும்னு இங்க யாராவது சத்தியம் பண்ணுவீங்களா? 87ஆவது நிமிஷம் பிரான்ஸ் துராம் பாக்ஸுல ஃபவுல் மாதிரி நடிச்சு டைவ் அடிச்சு மஞ்சள் கார்டு வாங்கினாரே, ஸ்கோர் 2-2, ஸ்டேடியமே அலறுது, மார்ச்சினியாக் ஒரு தடவ ஏமாந்திருந்தாருன்னா பிரான்ஸ் அப்பவே கப்பு. அதுக்கு யாரும் அவரைப் பாராட்டக் காணோம்.

ஃபேன்ஸ்ங்களுக்கு ஞாபகம் ஒரு பக்கம்தான் வேல செய்யும் நடுவர் அவர்களே. 1990 ரோம் ஃபைனல், அர்ஜென்டினாவும் மேற்கு ஜெர்மனியும், 85ஆவது நிமிஷம் மெக்சிகோ ரெஃப்ரி கோடேசால் குடுத்த பெனால்ட்டிய பிரேமே போட்டாரு, 1-0, அர்ஜென்டினாவுல ரெண்டு பேர் ரெட் கார்டு வேற. அன்னிக்கு இதே அர்ஜென்டினாக்காரங்கதான் ரெஃப்ரி எங்க கோப்பைய திருடிட்டான்னு அழுதாங்க. அந்த மேட்ச்ல லைன்ஸ்மேனா நின்னவரு போலந்து நாட்டு மிஹாவ் லிஸ்ட்கியெவிச். 2022 ஃபைனல்ல லைன்ல நின்னது யாருன்னா அவரு மகன் டோமாஷ் லிஸ்ட்கியெவிச்! அப்பா நின்னப்ப அர்ஜென்டினா அழுதுச்சு, மகன் நின்னப்ப பிரான்ஸ் அழுதுச்சு. தோத்தவன் எவனோ அவனுக்குத்தான் ரூல் புக் ஞாபகம் வருது, ஜெயிச்சவன் ஒருத்தனாவது எங்களுக்கு குடுத்த பெனால்ட்டி கொஞ்சம் சாஃப்ட்தான்னு பெட்டிஷன் போட்டிருக்கானா?

மணி அடிச்சுட்டீங்க, இதோ முடிச்சுடறேன் ஐயா, ஒரே நிமிஷம். 120 தாண்டி 123ஆவது நிமிஷம், 3-3, கோலோ முவானி தனியா பந்தோட வர்றாரு, முன்னாடி அர்ஜென்டினா கீப்பர் எமி மார்ட்டினெஸ் மட்டும். விசில் இல்ல, வி.ஏ.ஆர். இல்ல, ஆஃப்சைடு இல்ல, ரெஃப்ரி சம்பந்தமே இல்லாத இடம். ஓங்கி அடிச்சாரு, மார்ட்டினெஸ் இடது காலை நீட்டி தடுத்துட்டாரு. அப்புறம் பெனால்ட்டி ஷூட்-அவுட்ல பிரான்ஸ் கோமான் அடிச்சத மார்ட்டினெஸ் தடுத்தாரு, பிரான்ஸ் சுவாமெனி வெளிய அடிச்சாரு, அர்ஜென்டினா 4-2. இதுல எந்த இடத்துல ரெஃப்ரி வந்தாரு? (ஷூட்-அவுட்ல மார்ட்டினெஸ் பண்ண சேட்டைய பத்தி எதிரணி கேப்பாங்க, அதுக்கப்புறம் கீப்பருங்க வாலாட்டக்கூடாதுன்னு பெனால்ட்டி ரூலையே இறுக்கிட்டாங்க, அதுல எனக்கும் சந்தோஷம்தான்.) அந்த 123ஆவது நிமிஷ பந்து மட்டும் உள்ள போயிருந்துச்சுன்னா இன்னிக்கு தலைப்பு "பிரான்ஸ் ஜெயிச்சது ஆட்டத்தாலயா ரெஃப்ரியாலயா"ன்னு இருந்திருக்கும், பின்வரிசைத் தம்பிங்க மான்டியேல் முழங்கை ஃபோட்டோவ ப்ரின்ட் போட்டு எடுத்துட்டு வந்திருப்பாங்க, அப்பவும் நான் இதே இடத்துல நின்னு ஆட்டத்தாலதான்னு பேசியிருப்பேன், என்ன, ஒரு பிரேசில்காரனா கொஞ்சம் சந்தோஷமா பேசியிருப்பேன்.

தீர்ப்பை எங்க அணிக்கே குடுங்க ஐயா, தப்பா குடுத்தா ரீப்ளே பாக்க இங்க ஸ்க்ரீன் கூட கிடையாது. நன்றி, வணக்கம்!