எட்டரை மணி நேரத்தில் செத்துப்போன அப்லெட்

[திரையில்: லினக்ஸ் இயங்குதளத்தின் டெஸ்க்டாப். வலது மூலையில் சின்னக் கட்டம், உள்ளே 61 என்ற எண்]

வலது மூலையில் ஓர் எண் தெரிகிறதா? என் லேப்டாப் பேட்டரியில் இருக்கும் சார்ஜ் அது. 80 ஆனதும் சிவப்பாக மாறும், நான் எழுந்து போய் சார்ஜரைப் பிடுங்குவேன். இந்த அப்லெட்டுக்கு, அதாவது குட்டி நிரலுக்கு, வேறு எந்த வேலையும் தெரியாது. மொத்தமே 15 வரி.

கீழே பட்டையில் ஏற்கெனவே பேட்டரி படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு. அதைப் பார்த்து 60ஆ 80ஆ என்று சொல்ல என் கண்ணால் முடியவில்லை. பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவர்களின் அப்லெட்டுகள் பெரும்பாலும் இப்படி ஒரு சொந்த எரிச்சலில்தான் பிறக்கின்றன.

எழுதியிருப்பது டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழியில், அதாவது எழுதிய கோப்பை அப்படியே ஓட்டலாம். 1980களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது. ஜன்னல், பொத்தான் போடுவதற்கான டிகே அதன் பின்னால் வந்தது. பழைய சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பைத்தான் மொழியில், அதோடு வரும் டிகின்டர் என்ற நிரல் தொகுப்பை வைத்து ஒரு ஜன்னல் போட்டிருக்கிறீர்களா? உள்ளே ஓடியது இதே டிக்கிளும் டிகேயும்தான். 2024இல் 9.0 பதிப்பும் வந்துவிட்டது.

[திரையில்: டெர்மினலில் ஒரு கோப்பைப் படிக்கிறோம், 61 என்று பதில் வருகிறது]

சரி, எண் எங்கிருந்து வருகிறது? லினக்ஸில் பேட்டரிக்கென்று ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் 'கெப்பாசிட்டி' என்று ஒரு கோப்பு. திறந்தால் உள்ளே ஓர் எண், அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால், வட்டில் எங்கே தேடினாலும் அந்தக் கோப்பு கிடையாது. நாம் படிக்கும்போதுதான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எண்ணை நிரப்பித் தருகிறது. ஆக, அப்லெட்டின் வேலை இதுதான்: கோப்பைத் திற, எண்ணைப் படி, ஜன்னலில் காட்டு, 30 நொடி காத்திரு, மறுபடி திற.

அந்தக் காத்திருப்பில்தான் முதல் அடி வாங்கினேன். டிக்கிளில் காத்திருக்க 'ஆஃப்டர்' என்ற கட்டளை. அதோடு 30000 மில்லிநொடி என்று எண்ணை மட்டும் கொடுத்தால், நிரல் அந்த 30 நொடியும் அப்படியே தூங்கும். எண்ணோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தால், 'நேரம் வந்ததும் இதைச் செய்ய வேண்டும்' என்று குறித்துக்கொண்டு உடனே மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒரே கட்டளை, இரண்டு குணம். நான் எண்ணை மட்டும் கொடுத்து, முடிவில்லாத சுழலுக்குள் வைத்துவிட்டேன். ஜன்னலே திரைக்கு வரவில்லை! அதை வரைவதற்கே டிகேவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, பாவம்.

அதைத் திருத்தினேன். அப்புறம் அழகாக ஓடியது, மாலை ஐந்தரை வரை.

[திரையில்: பிழைப் பெட்டி. பின்னால் 43இல் உறைந்து நிற்கும் எண்]

காலை ஒன்பதுக்கு லேப்டாப்பைத் திறந்தால், மாலை ஐந்தரை வாக்கில் ஒரு பிழைப் பெட்டி. அதை மூடினால் எண் அப்படியே உறைந்து நிற்கும். முதல் நாள் தற்செயல் என்று விட்டேன். மூன்றாம் நாளும் அதே ஐந்தரை. கடிகாரம் பார்த்துச் சாகிற நிரலை அன்றுதான் கண்டேன்.

பெட்டியில் இருந்த செய்தியை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்: திறந்த கோப்புகள் அளவுக்கு மேல் போய்விட்டன. நான் கோப்பைத் திறந்துகொண்டே இருந்தேன், ஒரு தடவைகூட மூடவில்லை. லினக்ஸ் ஒரு நிரலுக்கு வழக்கமாக ஒரே சமயத்தில் 1024 கோப்புகள்வரைதான் திறக்க விடும். 30 நொடிக்கு ஒன்று என்றால் 1024க்கு 30,720 நொடி. மணிக்கணக்கில் எட்டரை! நாம் பைத்தானில் வழக்கமாக ஓட்டும் சிபைத்தானில், யாரும் பயன்படுத்தாத கோப்பை மொழியே மூடிவிடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்ததுதான் வினை. டிக்கிளில் நீங்கள் மூடாவிட்டால் யாரும் மூட மாட்டார்கள். 13 வரி 14 ஆனது.

திறமூலமாக, அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி, வெளியிடுவதில் பெரிய சடங்கு இல்லை. ஸ்கிரிப்ட்டே மூலநிரல், கோப்பை அப்படியே கொடுத்தால் போதும். உரிமத்தை மட்டும் மறக்காமல் சேருங்கள். அது இல்லாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும், அடுத்தவர் சட்டப்படி அதைத் திருத்தி வெளியிட முடியாது. யாரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்று விடும் எம்ஐடி உரிமத்தை நான் வைத்தேன்.

வெளியிட்ட பிறகு ஒரு நண்பர் ஓட்டிப் பார்த்தார், ஓடவில்லை. என் லேப்டாப்பில் அந்தக் கோப்புறையின் பெயர் 'பேட் 0', அவருடையதில் 'பேட் 1'. நான் பெயரை நிரலிலேயே அடித்து வைத்திருந்தேன். 'பேட்' என்று தொடங்கும் கோப்புறையைத் தேடி எடுக்கும் ஒரு வரியை அவரே எழுதி அனுப்பினார். அதுதான் 15ஆவது வரி.

இப்போது இன்னொருவர் கேட்கிறார், அவருடைய லேப்டாப்பில் இரண்டு பேட்டரியாம். எந்த எண்ணைக் காட்டுவது? இரவு சாப்பிட்டுவிட்டு 16ஆவது வரியோடு உட்கார வேண்டும்.