ஆற்றின் கையில் உள்ள உளி

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஆற்றுப்படுகையில் எடுத்த கூழாங்கல்லைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் சிறியது, தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நகம் பட்டதுபோல் பிறை பிறையாகத் தழும்புகள். வேறு கற்கள் வந்து மோதிய இடங்கள் அவை.

ஆறு மலையை அறுக்கிறது என்று சொல்கிறோம். தெளிந்த தண்ணீர் சுண்ணாம்புப் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கும், சரி. ஆனால் கருங்கல்லை அறுக்க அதற்கு ஆயுதம் வேண்டும். இந்தக் கல்தான் அந்த ஆயுதம்.

இது ஆற்றுக்கு எப்படிக் கிடைத்தது? பாறை இருந்த இடத்திலேயே உடைவது சிதைவு. உடைந்ததை வாரிக்கொண்டு போவது அரிப்பு. இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த மலைகளில் விரிசலுக்குள் இறங்கிய நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஆப்பு வைத்து அடித்ததுபோல் பாறை பிளக்கும். அந்தத் துண்டு சரிவில் உருண்டு ஓடையில் விழுந்த பிறகுதான் ஆற்றின் வேலை தொடங்குகிறது.

அதுவும் தினமும் நடக்கிற வேலை இல்லை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய கணக்கு. வருடம் முழுக்க அசையாமல் கிடந்த பாறாங்கல்லை ஒரே இரவு வெள்ளம் புரட்டிவிடுவது இதனால்தான். வெள்ளத்தின்போது மலையாற்றின் கரையில் நின்றால் அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் 'கடகட' ஓசை கேட்கும். பள்ளத்தாக்கு ஆழமாகிற ஓசை அது. சுழலில் சிக்கிய கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, பாறையில் பானை போலக் குழி குடைந்துவிடும். அந்தக் குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள், குடைந்த கல் சில சமயம் இன்னும் உள்ளேயே கிடக்கும்.

நயாகராவில் மேலே கடினப் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழே உள்ளது அரிபட, மேலே உள்ளது பிடிமானம் இழந்து இடிந்து விழும். இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் அருவி 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது.

சமவெளிக்கு வந்ததும் ஆறு வளைந்து வளைந்து போகும். ஏன் என்று 1926-இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். கோப்பையில் தேநீரைக் கலக்கினால் தேயிலைத் துகள்கள் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் வந்து குவியும் அல்லவா? அங்கிருந்துதான் விளக்கத்தைத் தொடங்கினார். சுழலும் நீர் அடியில் உள்நோக்கி ஓடுகிறது. ஆற்று வளைவிலும் இதே கதைதான்: வெளிக்கரை அரிபடும், உள்கரையில் மணல் சேரும். வளைவு முற்றிக் கழுத்து குறுகியதும் ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே பாய்ந்துவிடும். தனியாக விடப்பட்ட வளைவு ஏரியாக நிற்கும். பள்ளிப் புத்தகத்தில் குருட்டு ஆறு என்று படித்தோமே, அது இதுதான்.

அப்புறம், வேகம் குறையக் குறைய ஆறு சுமையை இறக்கும். முதலில் கல், பிறகு மணல், கடைசியாகக் கடலோரத்தில் வண்டல். டெல்டா என்பது மேலே கரைந்த மலைதான். அந்த வரத்து நின்றால் டெல்டா நிலைக்காது. நைல் நதியில் அஸ்வான் உயர் அணை 1970-இல் கட்டி முடிந்தது. வண்டல் அநேகமாக எல்லாம் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. அலை கொண்டுபோகும் மண்ணுக்கு ஈடாகப் புது மண் வராததால் டெல்டாவின் கடற்கரை பல இடங்களில் உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ஆற்றில் கிடக்கும் ஒரு பிடி மணலைக்கூட யாருக்கும் வேண்டாத பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே நாளை திரும்பப் போட்டுவிடுவேன். வணக்கம்.