இறுங்கின்ர காவல்

வணக்கம் நேயர்களே. இண்டைக்கு இறுங்கு பத்திக் கதைக்கப் போறன். பொத்தியா அவிச்சுத் தின்னுறமே சோளன், அது இல்ல. உச்சியில கதிர் விட்டு முத்து முத்தாக் காய்க்குமே, அது.

தம்பலகாமத்தில அம்மம்மா வளவுக்குப் பின்னால கொஞ்சம் விதைக்கிறவ. ஒரு வருசம் கதிர் அறுத்த பிறகு மழை இல்ல, அடிக்கட்டையில முழங்கால் உயரத்துக்குக் குருத்து வெடிச்சு நிண்டது, பசு வேலிய முறிச்சு உள்ள போயிட்டுது. நாங்க ஓடிப் போகேக்க வாயில நுரை, மூச்சு இழுக்குது, அம்மம்மா அதின்ர தலைய மடியில வைச்சுக்கொண்டு இருந்தவ, கன நேரம் எடுக்கேல்ல. ஆரோ சூனியம் வைச்சதெண்டு ஊரில கதைச்சாங்க. பிறகு படிக்கேக்கதான் விளங்கினது, இளம் இறுங்கில டுரின் எண்டு ஒண்டு இருக்கு, மாடு சப்பினா அதில இருந்து சயனைட் வரும், தண்ணியில்லாம வாடின குருத்தில இன்னும் கூட. கடிக்க வாற பூச்சிக்கு எதிரா அந்தப் பயிர் போட்ட காவல் அது. காவல் எண்டத ஞாபகம் வைச்சிருங்க, திரும்ப வருவன்.

இறுங்குக்குப் புது ஜீன், அதாவது மரபணு, ஏத்த, பூத்து ரெண்டு கிழமைக்குள்ள பால் மணியப் பிதுக்கி, ஒண்டரை மில்லிமீற்றர்கூட இல்லாத கருவ எடுத்து ஊட்டச்சத்துப் போட்ட ஜெல்லி மேல வைக்கிறாங்க. கொஞ்ச நாளில சுத்திவரக் கறுக்கும். வாழைப்பூ அரிஞ்சாக் கறுக்குதெண்டு மோர்த்தண்ணியில போடுறமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான், வெட்டுப்பட்ட இடத்தில பீனோல் எண்டு கறுக்கிற பொருள் கசியுது. பாருங்க, இதுவும் காவல்தான்! ஆனா அது அந்தக் கருவையே சாக்கொண்டுபோடும், அதால திரும்பத் திரும்பப் புது ஜெல்லிக்கு மாத்த வேணும். நெல்லு, சோளனெல்லாம் முந்திப் போக இறுங்கு பிந்தினதுக்கு இது ஒரு பெரிய காரணம். 1993இல அமெரிக்காவில பர்டியூ பல்கலைக்கழகத்தில பொடி உலோகத் துகளில ஜீனத் தடவிச் சுட்டு ஏத்தினாங்க. 2000இல அக்ரோபாக்டீரியம், மரத்தில கழலை உண்டாக்குமே அந்த மண் கிருமி, அதுக்கிட்டக் குடுத்து ஏத்தினாங்க, அப்பவும் நூறு கருவில ரெண்டுதான் தேறினது. அந்த ரெண்டுக்காகக் குனிஞ்சிருந்தவங்கள நினைச்சா எனக்கு இப்பவும் மனசு நிறையும்.

கண்ணாடிக்கு அங்கால கை காட்டுறாங்க, நேரம் போயிட்டுது. விற்றமின் ஏ கதைய ஒரே மூச்சில சொல்றன். ஆபிரிக்காவுக்கெண்டு, உடம்பில விற்றமின் ஏயா மாறுற பீற்றா கரோட்டின் சேர்த்த இறுங்கு செய்தாங்க, ஆனா வைச்சிருக்க நாலு கிழமைக்குள்ள பாதி அழிஞ்சுது, விற்றமின் ஈயும் கூடச் சேர்த்தாப்போல பாதி அழியப் பத்து கிழமை எடுத்தது, 2016இல வந்த முடிவு. ஜீன் ஏத்தின இறுங்கின்ர மகரந்தம் பறந்து காட்டு இறுங்கோட, அதுக்குச் சொந்தமான களை ஜோன்சன் புல்லோட கலக்கிற பிரச்சினையும் இருக்கு, அத ஆறுதலாப் பேசவேணுமெண்டுதான் எழுதிக்கொண்டு வந்தனான். அவுஸ்திரேலியாவில புது ஜீன் ஏத்தாமலே டுரின் இல்லாத இறுங்கு கண்டுபிடிச்சிருக்கிறாங்க, மாடு வைச்சிருக்கிற ஆக்கள் அத மட்டுமாவது கேட்டு வையுங்க. நன்றி, வணக்கம்.