லிங்கனுக்கே தெரியாத லிங்கன் குடும்பம்

[திரையில்: பழுப்பேறிய தாள், மைப்பேனா எழுத்து. மூலையில் "1859 டிசம்பர்".]

இல்லினாய் மாநிலத்து வக்கீல் ஒருவர் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி நண்பருக்கு அனுப்புகிறார். அடுத்த வருடம் ஜனாதிபதித் தேர்தல். இந்த ஆள் யார், பூர்வீகம் எது என்று வெளியூர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆபிரகாம் லிங்கனிடம் அதற்கு இருந்த பதில் ரொம்பக் குறைவு. தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கென்டக்கிக்கு வந்தவர். தாத்தாவுக்கு முந்தியவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டிக்காரர்கள். அவ்வளவுதான். மாசசூசெட்ஸ் இருக்கிற வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்திலும் லிங்கன்கள் இருக்கிறார்கள், அவர்களோடு உறவு உண்டா என்று தேடியதில், இரண்டு குடும்பங்களிலும் ஒரே மாதிரிப் பெயர்கள் இருந்ததைத் தவிர வேறு எதுவும் தேறவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

என்ன பெயர்கள்? ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலமோன், ஆபிரகாம்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். "பேரன்" என்ற சொல்லே "பெயரன்"தான். லிங்கன் கையில் துப்பு இருந்தது, பத்திரம் இல்லை. அந்தப் பத்திரங்களைத் தேடித்தான் இந்த வீடியோவில் பின்னோக்கிப் போகப் போகிறோம்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். இல்லினாயிலிருந்து கிழக்கே நகரும் கோடு.]

இல்லினாய்க்குக் குடும்பம் வந்தது 1830இல், மாட்டு வண்டியில். அப்போது ஆபிரகாமுக்கு 21 வயது. அதற்கு முன் 14 வருடம் இண்டியானா. அங்கே வந்தது 1816 டிசம்பரில், கென்டக்கியிலிருந்து. இங்கே கொஞ்சம் நிற்போம். அப்பா தாமஸ் லிங்கன் ஏன் கென்டக்கியை விட்டார்? அடிமைமுறை ஒரு பகுதிக் காரணம், முக்கியக் காரணம் நிலத்தின் உரிமைச் சிக்கல் என்று பிற்பாடு மகனே எழுதினார்.

கென்டக்கியில் நிலம் அளந்த விதத்தைக் கேட்டால் நம் ஊர் சார்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொள்வார். இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை, அங்கிருந்து ஒரு பாறை வரை என்று எழுதுவார்கள். மரம் விழுந்துவிடும், ஓடை திசை மாறிவிடும். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் பத்திரம் வைத்திருப்பார்கள். தாமஸ் கென்டக்கியில் மூன்று பண்ணைகள் வாங்கினார், மூன்றிலும் வில்லங்கம். மகன் பிறந்த பண்ணையும் அதில் ஒன்று, 1808இல் 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கியது. ஓஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இண்டியானாவில் நிலைமை வேறு. 1785இல் வந்த சட்டப்படி அரசாங்கமே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து, எண் போட்டு விற்றது. ஒரு சதுரம் 640 ஏக்கர். தாமஸுக்கு அது போதுமாக இருந்தது.

இதில் நமக்கு ஒரு லாபம். நிலத் தகராறு என்றால் வழக்கு, வழக்கு என்றால் காகிதம். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வளவு உதவாது. 1850க்கு முன் அதில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள், மனைவியும் பிள்ளைகளும் வயதுக் கட்டத்தில் வெறும் எண்கள். கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் தொலைந்தே போய்விட்டன. ஆகவே ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். ஆள் நகர்ந்துகொண்டே இருப்பார், நிலம் இருந்த இடத்தில் இருக்கும்.

ஆனால் எந்த அலுவலகத்தில் தேடுவது என்பது வேறு தலைவலி. லிங்கனின் பெற்றோர் கல்யாணமே இதற்குச் சாட்சி. குடும்பம் வாழ்ந்தது ஹார்டின் கவுண்டியில். அங்கே தேடியவர்களுக்குத் திருமணப் பதிவு கிடைக்கவில்லை. உடனே ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜனாதிபதி முறையான கல்யாணத்தில் பிறந்தவரே இல்லை என்று பேச்சு கிளம்பியது. 1878இல் பதிவு கிடைத்தது, வாஷிங்டன் கவுண்டி நீதிமன்றத்தில். கல்யாணம் நடந்தது 1806 ஜூன் 12, பிள்ளை பிறந்தது 1809 பிப்ரவரி 12. பெண் வீடு இருந்த கவுண்டியில் கல்யாணம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அந்தக் காகிதம் வெளியே வரும்போது லிங்கன் இறந்து 13 வருடம் ஆகியிருந்தது.

[திரையில்: காட்டை வெட்டித் திருத்திய வயல். ஓரத்தில் மரக்குடிசை.]

அடுத்து தாத்தா. அவரும் ஆபிரகாம் லிங்கன்தான். 1786இல், வயலில் வேலை செய்துகொண்டிருந்தவரைப் பழங்குடியினர் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய வேட்டை நிலத்தில்தான் இந்தக் குடியேறிகள் வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு வயதுத் தாமஸ் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நிற்க, மூத்த அண்ணன் மொர்தெகாய் குடிசைக்குள்ளிருந்து சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினார். இந்தக் கதையைத் தாமஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். வேறு எந்தக் கதையையும்விட இது தன் மனதில் ஆழமாகப் பதிந்ததாக லிங்கனும் எழுதினார். ஆனாலும் அவர் குறிப்பைக் கணக்குப் போட்டால் சாவு 1782க்கும் 1784க்கும் நடுவில் வருகிறது. வீட்டுக் கதையில் சம்பவம் தங்கும், வருடம் நழுவும்.

கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. அன்றைய வர்ஜீனியா சட்டப்படி உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. மொர்தெகாய்க்கு ஆயிரக்கணக்கான ஏக்கர், கடைசித் தம்பி தாமஸுக்குக் கூலி வேலை. லிங்கன் ஏழைக் குடிலில் பிறந்ததற்குப் பின்னால் இந்த ஒரு சட்டமும் நிற்கிறது. இன்னொன்று: இந்தத் தாத்தாவின் கென்டக்கி நிலப் பத்திரத்தில் குமாஸ்தா எழுதிய பெயர் "ஆபிரகாம் லிங்க்ஹார்ன்". காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். "லிங்கன்" என்று மட்டும் தேடினால் ஆள் அகப்படமாட்டார்.

வர்ஜீனியாவில் வேறு சோதனை. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் சமயம், 1864 ஜூனில், ராக்கிங்ஹாம் கவுண்டியின் பத்திரப் பதிவேடுகளைப் பாதுகாப்பாக ஒளித்து வைக்க வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வழியில் வடக்குப் படை மறித்துத் தீ வைத்தது. வடக்குப் படை யாருடையது? ஜனாதிபதி லிங்கனுடையது. தாத்தா ஊரின் ஆவணங்களைப் பேரனின் படையே கொளுத்தியது! அக்கம்பக்கத்தார் அணைத்துக் கொஞ்சம் மீட்டார்கள். நல்லவேளை, கொள்ளுத்தாத்தா ஜான் அங்கே நிலம் வாங்கியது 1768இல். ராக்கிங்ஹாம் தனிக் கவுண்டியானது 1778இல்தான். பழைய பத்திரம் தாய்க் கவுண்டியான அகஸ்டாவில் பத்திரமாக இருந்தது.

பென்சில்வேனியாவிலும் இதே எல்லைக் குழப்பம். ஜானின் அப்பா மொர்தெகாய் 1733இல் கட்டிய வீடு இன்றும் பெர்க்ஸ் கவுண்டியில் நிற்கிறது. அவர் இறந்தது 1736. பெர்க்ஸ் கவுண்டி உருவானது 1752. அப்படியானால் உயில் எங்கே? பிலடெல்பியாவில். அந்த உயிலில் மூத்த மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். பின்னாளில் ஜான் அதை விற்றபோது எழுதிய பத்திரம் ஒன்று, உயில் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பென்சில்வேனியா ஜான், நியூ ஜெர்சியிலிருந்து வந்த மொர்தெகாயின் மகன் என்பது உறுதியாகிறது. லிங்கனுக்குக் கிடைக்காத தாய்ப்பத்திரம் இதுதான். ஏனென்றால் நியூ ஜெர்சி மொர்தெகாய், மாசசூசெட்ஸின் ஹிங்காம் ஊரில் இருந்த இன்னொரு மொர்தெகாயின் மகன். அந்த மொர்தெகாய் ஒரு கொல்லர். அவருடைய அப்பா சாமுவேல், 1637இல் இங்கிலாந்தின் நார்போக்கிலிருந்து கப்பல் ஏறி வந்த நெசவுத் தொழில் பழகுநர்.

ஹிங்காமில் ஆரம்பக் குடியேறிகளில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர்! நெசவாளி தாமஸ், மாவு மில்காரர் தாமஸ், பீப்பாய் செய்கிற தாமஸ், விவசாயி தாமஸ் என்று தொழிலை வைத்துத்தான் பிரித்தார்கள். நம் சாமுவேல், நெசவாளி தாமஸின் தம்பி.

[திரையில்: ஏழு பெயர்கள் மேலிருந்து கீழாக, பக்கத்தில் ஏழு மாநிலங்கள்.]

சாமுவேல், மொர்தெகாய், மொர்தெகாய், ஜான், ஆபிரகாம், தாமஸ், ஆபிரகாம். ஏழு தலைமுறை, ஏழு மாநிலங்கள்.

சரி, அம்மா வழி? இதுவரை சொன்ன வித்தை அங்கே பலிக்காது. கல்யாணமான பெண்ணின் பெயர் மாறிவிடும், நிலம் பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும், உயில் எழுதவும் வழியிருக்காது. லிங்கனின் அம்மா நான்சி ஹாங்க்ஸ் 1818இல், மகனுக்கு 9 வயதாக இருக்கும்போது இறந்துபோனார். விஷச்செடி மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்ததால் வரும் நோய். அவருடைய அம்மா லூசி ஹாங்க்ஸ்தானா என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை நடந்தது. தன் அம்மா, லூசிக்கும் ஒரு வர்ஜீனியா பண்ணையாருக்கும் கல்யாணமில்லாமல் பிறந்தவர் என்று லிங்கன் ஒருமுறை தன்னிடம் சொன்னதாக அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதி வைத்திருந்தார். பலர் அதை நம்பவில்லை.

2015இல் பதில் வந்தது, பத்திர அலுவலகத்திலிருந்து அல்ல. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிற மைட்டோகாண்ட்ரியா மரபணுவை, ஹாங்க்ஸ் குடும்பத்துப் பெண்வழிச் சந்ததியினரிடம் எடுத்து ஒப்பிட்டார்கள். எக்ஸ்1சி என்கிற மிக அரிதான வகை, எல்லாரிடமும் ஒத்துப்போனது. நான்சி, லூசியின் மகள்தான். ஆனால் இந்தச் சோதனை அப்பாவைப் பற்றி வாய் திறக்காது.

[திரையில்: குடும்ப மரம். அப்பா வழியில் சாமுவேல் வரை பெயர்கள் நிரம்பியிருக்கின்றன. அம்மா வழியில் லூசியின் பெயர். அதற்குப் பக்கத்துக் கட்டம் காலி.]