பத்து விரல் கேட்டால் அது முத்திரையா?

(வேப்பேரியில் ஒரு சபை மண்டபத்தில் ஞாயிறு மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

கூட்டத் தலைவர் போதகர் ஐயா அவர்களே, பக்கத்துப் பங்கிலிருந்து அன்போடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஃபாதர் அவர்களே, பெண்கள் ஐக்கியச் செயலாளர் அம்மா அவர்களே, சபைக் கமிட்டிப் பெரியவர்களே, வாலிபப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம்.

போதகர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் என் மனசு கேட்காது. காலையில் இரண்டு ஆராதனை, மத்தியானம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு அடக்க ஆராதனை. அதையெல்லாம் முடித்துவிட்டு, அங்கியைக் கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். செயலாளர் அம்மா இத்தனை பேருக்கும் சுண்டல் அவித்துக் கொண்டுவந்திருக்கிறார். ஃபாதர் அவர்கள் இந்தத் தலைப்புக்கு வர ஒத்துக்கொண்டதே பெரிய மனசு. மூவருக்கும் நன்றி.

பரபரப்பு நாவல்கள் நம் விசுவாசத்தை என்ன செய்திருக்கின்றன என்பதுதான் தலைப்பு. மூன்று நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கர்த்தரின் வருகையைக் கதையாக்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்'. இரண்டு, இயேசு கல்யாணம் பண்ணிக்கொண்டார், சபை அதை மறைத்தது என்று கதை கட்டிய 'டா வின்சி கோட்'. மூன்று, ஊருக்கு மேலே பிசாசுகளும் தூதர்களும் சண்டை போடுவதாக ஃபிராங்க் பெரட்டி 1986-ல் எழுதிய நாவல்.

என் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவன் நான். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

'லெஃப்ட் பிஹைண்ட்' முதல் புத்தகம் 1995-ல் வந்தது. பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் பயணிகள் திடீரென்று மறைந்துபோவார்கள், இருக்கையில் துணிமணி மட்டும் கிடக்கும். அங்கே தொடங்கி 2007-க்குள் 16 புத்தகங்கள், 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனை. ருமேனியாக்காரர் ஒருவர் ஐ.நா. சபைக்குத் தலைவராகி கிறிஸ்துவின் எதிராளியான அந்திக்கிறிஸ்துவாக மாறுகிறார். படிக்கப் படிக்கக் கீழே வைக்க முடியாது, நானே இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன். ஆனால் சபை முதலில் இரகசியமாக வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம் என்ற அந்த வரிசையை 1830-களில் ஊர் ஊராகப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார். 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதை அடிக்குறிப்பில் அச்சடித்தது. அடிக்குறிப்பு கதையானது. கதையைப் படித்தவர்கள் அதையே வேதம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

'அந்திக்கிறிஸ்து' என்ற சொல்லை வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தேடிப் பாருங்கள், ஒரு இடத்திலும் இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் இருக்கிறது. அங்கேயும் "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்றே எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் வேதம் வாசிக்கிறவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று சொல்லும் தெசலோனிக்கேயர் வசனத்துக்கு அடுத்த வசனம் என்ன? "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." பவுல் தேற்றுவதற்குக் கொடுத்த வார்த்தையை நாம் பயமுறுத்த வைத்துக்கொண்டோம்.

பயம் என்ன செய்யும் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பாட்டிம்மா, வயது எண்பதுக்குப் பக்கம். நாற்பது வருஷம் இட்லிக்கடை போட்டவர். பேரன் கல்லூரி விடுதியில் அந்த நாவல்களைப் படித்துவிட்டு, லீவுக்கு வரும்போது ராத்திரி ராத்திரி அவருக்குக் கதை சொல்லியிருக்கிறான். பாவம், நல்ல பிள்ளை, பாட்டிக்குப் பொழுதுபோகட்டும் என்றுதான் சொன்னான். அதற்கப்புறம் ஒரு கன்வென்ஷனில் பிரசங்கியாரும் அதையே சொல்ல, பாட்டிம்மா மனசில் உறைந்துவிட்டது. ஆதாருக்குக் கை வைத்தால் அது மிருகத்தின் முத்திரை, கடைசி காலத்தில் பொல்லாத மிருகம் தன் ஆட்கள்மேல் போடும் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் அடையாளம். முகாமுக்கு மூன்று முறை கூப்பிட்டும் போகவில்லை. ரேஷன் கார்டை ஸ்மார்ட் கார்டாக மாற்றிய 2017-ல் அவர் பெயர் விட்டுப்போனது, முதியோர் பணமும் நின்றது. யாரைப் பார்த்தாலும் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்.

நான் ஒரு நாள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாட்டிம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நான் ஒண்ணும் சொல்லலை பாட்டிம்மா, இருக்கறதை வாசிக்கிறேன், நீங்களே கேளுங்க" என்று வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தேன். "வலதுகைகளிலாவது நெற்றிகளிலாவது ஒரு முத்திரையை" என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஏன் தம்பி, வலது கைன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா பாட்டிம்மா."

"அந்த கேம்ப்புக்காரன் பத்து விரலையும் இல்ல கேக்கறான்? கண்ணை வேற காட்டச் சொல்றான். அப்போ இது வேற, அது வேற."

(இங்கே மண்டபத்தில் கைதட்டல் நிற்க நேரமானது.)

அதோடு விடவில்லை. ஏழாம் அதிகாரத்தையும் வாசித்தேன். அங்கே தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றியிலும் முத்திரை போடுகிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். "அப்போ நமக்கும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். மறுநாளே முகாமுக்குப் போனோம். அங்கே வேறு சிக்கல். நாற்பது வருஷம் ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கை, விரல் ரேகை தேய்ந்து மழமழவென்று இருக்கிறது, மெஷின் ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். "இத்தனை நாள் பயந்தேனே, இந்த மெஷினுக்கே என் கை வேணாமாம்" என்றார். முகாமே சிரித்தது. ஐந்தாவது முறை பதிவானது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா கேட்டு, யோசித்து, விசாரித்தார். தீர விசாரிப்பதே மெய். படித்த நாம் என்ன செய்தோம்?

அதற்கு 'டா வின்சி கோட்' விஷயமே சாட்சி. 2003-ல் நாவல், 2006-ல் படம். தமிழ்நாட்டில் படத்துக்குத் தடை வந்தது, அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தடை கேட்டு நானும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தேன். அப்போது நாவலை நான் படித்திருக்கவில்லை, அது தவறு. ஒரு வாலிபன் என்னிடம் வந்து, "அண்ணா, 325-ல் நிசேயாவில் பிஷப்மார் கூடி ஓட்டுப் போட்டுத்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்களாமே, சுவிசேஷங்களையும் அப்போதுதான் தேர்ந்தெடுத்தார்களாமே?" என்று கேட்டான். இராப்போசன ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு சுவிசேஷங்கள்தான் என்று 180-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே ஆதிசபைப் பிதா இரேனியு எழுதிவிட்டார் என்பதும், நிசேயாவில் வேதாகமப் பட்டியல் பேச்சே எழவில்லை என்பதும், அந்தக் கதையில் பழங்கால இரகசிய சங்கமாக வரும் 'சீயோன் சங்கம்' 1956-ல் பிரான்சில் ஒருவர் பதிவு செய்த சங்கம் என்பதும் பிற்பாடு தேடிப் படித்ததில்தான் தெரிந்தது. அந்தப் பையன் அதற்குள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனை இழந்த பழியை நான் நாவல்மேல் போடமாட்டேன்.

எங்கே தேடினேன் தெரியுமா? இதே மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி பீரோ இருக்கிறது. நம் சபை நூலகம். இப்போது அதற்கு முன்னால் ஷாமியானா மூட்டையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. நாற்காலிகளை இறக்கி வைத்து, சாவிக்கு மூன்று வாரம் அலைந்து திறந்தேன். உள்ளே ஜான் பனியனின் மோட்சப் பயணமும் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முன்னது 1678-ல் வந்த கற்பனைக் கதை. அதைத் தழுவித் தமிழ்க் காவியமாக 1894-ல் தந்தவர் கிருஷ்ண பிள்ளை. கதை விசுவாசத்தை வளர்க்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அட்டையைத் தொட்டதும் பூச்சி ஓடியது. கடைசியாக எடுத்தவர் பெயரை ஒட்டுத்தாளில் பார்த்தேன், தேதி 1988.

இது வேப்பேரி ஐயா. 1761-ல் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த அச்சு எந்திரத்தை ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயர் நிறுத்திய இடம். 1779-ல் அவர் தமிழ் அகராதி அச்சானதும் இங்கேதான். இந்த மண்ணில் ஒரு சபை நூலகம் நாற்காலிக்குப் பின்னால் கிடக்கலாமா?

மூன்றாவது நாவலுக்கு நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்த பீரோவைத் திறந்து வைக்கக் கமிட்டி அனுமதி தர வேண்டும். வாரம் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். பரபரப்பு நாவலையும் அங்கேயே வைப்போம், பக்கத்தில் வேதாகமத்தையும் சபைச் சரித்திரத்தையும் வைப்போம். பிள்ளைகள் ஒன்றை எடுத்து இன்னொன்றோடு ஒத்துப் பார்க்கட்டும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று நாம் சொல்லிக் கொடுத்தால் போதாது, விசாரிக்க ஒரு இடமும் கொடுக்க வேண்டும். நகரத்தின் மற்ற சபைகளிலிருந்து வந்திருப்பவர்கள் அவரவர் சபை பீரோவையும் போய்ப் பாருங்கள்.

வாசல் மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், பேனாவும் நூலில் கட்டியிருக்கிறது. முதல் வரியில் ஒரு கைநாட்டு இருக்கும், பாட்டிம்மாவுடையது. ரேகை சரியாக விழவில்லை, ஆனாலும் அவருடையதுதான். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.